மருமகன் கொடுத்த கடனுக்கு ஓட்டு இல்லை

அரக்கோணத்துக்காரர் ஒருவர் ராணிப்பேட்டையில் டேனரி நடத்துகிறார், பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு 2 கோடி பாக்கி. மருமகன் வட்டிக்குக் கொடுத்தது 3 கோடி. பச்சைத் தோலும் கெமிக்கலும் கொடுத்தவர்களுக்கு மாதக்கணக்காகப் பட்டுவாடா இல்லை. விவகாரம் சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது.

2016ஆம் ஆண்டு திவால் சட்டப்படி, இனி அந்தக் கம்பெனியை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிப்பது நிதிக் கடன், அதாவது பணமாகக் கடன், கொடுத்தவர்கள் குழு; சரக்குக் கொடுத்தவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. கடன் தொகைக்கு ஏற்ப ஓட்டு. மீட்புத் திட்டம் தேற 66 சதவீதம் வேண்டும். மருமகனையும் சேர்த்தால் 60 சதவீதம் அவர் கையில். வங்கி எதைக் கொண்டுவந்தாலும் தடுத்துவிடலாம். அதனால்தான் 21ஆம் பிரிவு, ‘தொடர்புடைய தரப்பு’ குழுவில் உட்காரவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது என்கிறது. கொடுத்த கடன் இல்லையென்று ஆகிவிடாது, அதிகாரம்தான் போகிறது.

இயக்குநரின் உறவினர் மட்டுமல்ல, 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டுரிமை உள்ளவரும், யார் பேச்சைக் கேட்டு இயக்குநர்கள் நடக்கிறார்களோ அவரும் இந்தக் கணக்கில் வருவார்கள். கடனுக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்ட வங்கிக்கு, அந்த ஒரு காரணத்துக்காகத் தடை இல்லை.

கடைசி நேரத்தில் உறவை முறித்துக்கொண்டால்? ஃபீனிக்ஸ் ஏஆர்சி – ஸ்பேட் ஃபைனான்ஷியல் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் அடைத்தது: குழுவில் நுழைவதற்காகவே விலகியவர் இன்னும் உள்ளாள்தான்.

நிதிக் கடன் கொடுத்தவர்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள் என்றால் நிலைமை தலைகீழ். சரக்குக் கொடுத்தவர்களில் பெரிய பாக்கிக்காரர்கள் 18 பேரும் தொழிலாளர், ஊழியர் பிரதிநிதிகளும் குழுவாவார்கள். சாதாரணமாக ஓட்டே இல்லாத தோல் வியாபாரி அன்றைக்கு முடிவெடுப்பவர்.

திவாலுக்கு முன்பு மருமகனுக்கு மட்டும் கடனைத் தீர்த்திருந்தால், 43ஆம் பிரிவின்படி 2 ஆண்டு பின்னோக்கித் தோண்டலாம். அந்நியர் என்றால் 1 ஆண்டு. வழக்கமான வியாபாரக் கொடுக்கல் வாங்கலுக்கு விலக்கு உண்டு.

இத்தனையும் கம்பெனிக்கு. அதே டேனரி பார்ட்னர்ஷிப் பேரில் இருந்தால்? புதுச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலானது. ராணிப்பேட்டை போன்ற ஊர்களில் மற்றவர்கள் மஞ்சக் கடுதாசி கொடுப்பது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். அதன் 54ஆம் பிரிவு மருமகனையும் மண்டிக்காரரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டக் கொடுத்த பணத்தை, 3 மாதத்துக்குள் திவால் மனு விழுந்தால்தான் ரத்து செய்யும். மற்றவர்கள் முந்திக்கொண்டு மனு போடாதவரை, மாமனார் நான்காவது மாதம் வரை பொறுத்திருந்தால் போதும்.