மழைக்கணக்கும் கணிப்பொறியும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சிப் பகுதி வயல்களை வளஞ்செய்கின்றது. அம்மழையின் பல்லாண்டுக் கணக்கைப் புள்ளியியல் முறையில் ஆராயப் புகும் மலையூர் மாணவன் எக்கணிப்பொறியைக் கொள்வது?

முதலில் மென்பொருளைத் தேர்தல் வேண்டும், பொறி பின்னரே. விலைமிக்க ‘சாஸ்’ விண்டோசிலும் லினக்சிலும் இயங்கும். மேக்கில் நேரே இயங்காது. நியூசிலாந்தில் இஹாகா, ஜென்டில்மேன் என்னும் இருவர் 1990களில் ஆக்கிய ‘ஆர்’ மூன்றிலும் இயங்கும், விலையுமில்லை. ஆயினும், அது பொதுவாகத் தரவு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றியே கணக்கிடும். நினைவகம் சிறிதாயின் பெருந்தரவு ஏறாது. வேலை நடுவே நின்றுவிடும். பகட்டான திரைக்குக் கொடுக்கும் பணத்தை நினைவகத்திற்குக் கொடுப்பதே அறிவுடைமை.

ஓரூர் மழைக்கணக்கோ, நாளுக்கோர் எண்ணாக நூறாண்டுக்கும் ஏறத்தாழ 36,500 எண்களே. அதற்குப் பழைய மடிக்கணினியே போதும்; கடன்பட்டுப் புதியது வாங்கவேண்டுவதில்லை. ஒருமுறை நிறுவிய ‘ஆர்’ இணையமின்றியும் இயங்கும். மின்கலம் நன்றாயிருப்பின், மின்சாரம் தடைப்பட்ட மாலையிலும் கணக்கு நில்லாது.