யாருடைய ஆட்கள்?
சர்வதேச மன்னிப்புச் சபையின் தலைமையும் அமைப்பும் மாறிய வரலாறு

சென்ற தவணையில் எமது தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பில் செய்திக் கட்டுரையொன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். அதில் "சர்வதேச மன்னிப்புச் சபை" என்ற தொடர் வந்தது. மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "சேர், இங்கே யார் யாரை மன்னிக்கிறார்கள்?" என்று வினவினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் வினா நல்ல வினா.

அரசொன்று தான் சிறையிட்டோரின் தண்டனையை நீக்கி விடுவிப்பதைப் பொது மன்னிப்பு என்கிறோம். 1961 ஆம் ஆண்டில் இலண்டனில், உலகச் சிறைகளில் கருத்துக்காக அடைபட்டோருக்குப் பொது மன்னிப்புக் கோரி ஓராண்டு இயக்கமொன்று தொடங்கியது. அந்த ஓராண்டு முடியவேயில்லை. இயக்கம் நிலையான அமைப்பாயிற்று; பெயரும் அப்படியே நின்றுவிட்டது. எம்மவர் அதனை "மன்னிப்பு" எனத் தமிழாக்கினர். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்பெயர் சற்றே பொருந்தாத சட்டைதான்.

மாணவியின் வினா எனக்கு வேறொரு வினாவை நினைவூட்டியது. 1996 இல் யாழ்ப்பாணக் குடாநாடு இராணுவத்தின் வசமான பின்னர், கைதான இளைஞர் பலர் காணாமற் போயினர். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். ஆங்கிலம் ஓரளவு எழுதுவேன் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் வசித்த தாயொருவர் மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இலண்டனிலுள்ள மன்னிப்புச் சபைக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். மகனின் பெயர், வயது, சைக்கிளில் சென்ற பாதை, அவனை மறித்த காவலரண் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உறையில் முகவரி எழுதும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, உவை ஆரின்ரை ஆக்கள்?" என்று கேட்டார்.

அரசின் ஆட்களா, இயக்கத்தின் ஆட்களா, வெள்ளைக்காரனின் ஆட்களா என்பதே அவர் கேட்டதன் பொருள். அக்காலத்தில் ஒரு பெயர் எவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதில் ஓர் உயிர் தங்கியிருந்தது. "ஒருத்தற்றை ஆக்களும் இல்லை, மாமி" என்று சொல்லி உறையை ஒட்டினேன். எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொன்னேனேயன்றி, ஆராய்ந்து சொல்லவில்லை. பின்னர் ஆசிரியனாகி, அதன்பின் அகதியாகி, இந்நாட்டு நூலகமொன்றில் அச்சபையின் வரலாற்றைப் படித்தபோதே, மாமி கேட்ட அதே வினா அச்சபையை ஒருமுறை உடைக்கப் பார்த்தது என அறிந்தேன்.

சபையைத் தோற்றுவித்தவர் பீற்றர் பெனன்சன் என்னும் ஆங்கிலேயச் சட்டத்தரணி. 1961 மே 28 ஆம் திகதி "ஒப்சேவர்" பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையே அதன் விதை. குவேக்கர் சமயத்தவரான எரிக் பேக்கர் முதலியோர் துணை நின்றனர். அயர்லாந்தின் முன்னாள் வெளிநாட்டமைச்சர் ஷோன் மக்பிரைட் சர்வதேச நிர்வாகக் குழுவின் தலைவராக விளங்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு சமயம் இருந்தது. சபைக்கு எச்சமயமும் இல்லை, எக்கட்சியும் இல்லை. ஊர்தோறும் தொண்டர் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளைப் பொறுப்பேற்கும்: மேற்குலகில் ஒருவர், கம்யூனிச நாடொன்றில் ஒருவர், மூன்றாம் உலகில் ஒருவர். ஒரு பக்கத்துக்கு மட்டும் பரிந்து பேசுகிறார்கள் என்ற பழி வராதிருக்கக் கண்ட வழி இது. இதனோடு இன்னொரு விதியும் வளர்ந்தது. தத்தம் சொந்த நாட்டுக் கைதிகளுக்காக அந்நாட்டு உறுப்பினர் பணியாற்றலாகாது என்பதே அது. பிற்காலத்தில் தளர்த்தப்பட்டாலும், பல்லாண்டுகள் அது கண்டிப்பாகப் பேணப்பட்டது.

விதிகள் இருந்தால் அவை கடிக்கவும் வேண்டும். 1962 இல் சிறையிடப்பட்ட நெல்சன் மண்டேலாவைச் சபை தன் மனச்சாட்சிக் கைதியாக ஏற்றிருந்தது. 1964 இல் நீதிமன்றத்தில் அவர் ஆயுதவழியை நியாயப்படுத்தியபோது சிக்கல் எழுந்தது. வன்முறையைக் கையாளாதவரும் ஆதரிக்காதவரும் மட்டுமே மனச்சாட்சிக் கைதி என்பது விதி. தலைவர்கள் தாமே தீர்மானித்துவிடவில்லை. உறுப்பினரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விதியை மாற்றவேண்டாம் என்று மிகப் பெரும்பான்மையோர் கூறினர். மண்டேலாவின் பெயர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அவரது சிறை நிலைமைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பலாம் என்று மட்டும் முடிவாயிற்று. இம்முடிவு எனக்கு இன்றும் உவப்பானதன்று. எம்மைப் போன்ற மக்களுக்கு அது இலகுவில் செரிக்காது. ஆயினும் முடிவெடுத்த முறையை நான் மதிக்கிறேன். பல்லாண்டுகளின் பின், 2006 இல், தன் உயரிய விருதினை அதே சபை மண்டேலாவுக்கு வழங்கியது.

இவ்வளவு கவனமாகத் தொடங்கிய சபை தலைமைப் பீடத்தில் மட்டும் கவனமற்றிருந்தது. பெனன்சன் அளவற்ற ஆர்வமுடையவர். கணக்கு, குறிப்பு, கூட்டம் என்பவற்றில் பொறுமையற்றவர். தோற்றுவித்தவரிடம் கேள்வி கேட்க எவருக்கு மனம் வரும்?

1966 இல் சோதனை வந்தது. அப்போது பிரித்தானியர் ஆட்சியிலிருந்த ஏடன் நகரில் கைதிகள் சித்திரவதைக்குள்ளாவதாக முறைப்பாடுகள் எழுந்தன. சபை சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவரை அனுப்பி விசாரித்தது. அவரது அறிக்கை வெளிவரத் தாமதமாயிற்று. தம் சொந்த அலுவலகத்தினரே பிரித்தானிய அரசுக்கு வளைந்து அறிக்கையை அமுக்குகின்றனர் என்று பெனன்சன் சந்தேகித்தார். அறிக்கையைத் தாமே வெளியிட்டார். அலுவலகத்துள் அரசின் ஒற்றர் புகுந்துள்ளனர் என்றும் குற்றஞ்சாட்டினார். மக்பிரைட் விசாரணையொன்றுக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்குள் மறுபக்கத்திலிருந்து இடி விழுந்தது. இன்று சிம்பாப்வே எனப்படும் ரொடீசியாவில், வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி சிறையிட்டோரின் குடும்பங்களுக்குச் சபையின் வழியாக உதவிப்பணம் சென்றுகொண்டிருந்தது. அப்பணத்தின் ஊற்று பிரித்தானிய அரசே என்பதைக் காட்டும் கடிதங்கள் 1967 மார்ச் மாதத்தில் பத்திரிகைகளுக்கு எட்டின. கடிதங்களில் அரசுக்கு "ஹரி" என்று மறைபெயர். அவற்றுள் பெனன்சன் எழுதியவையும் இருந்தன. அரசு என் சபைக்குள் புகுந்துவிட்டது என்று முழங்கியவரே, அரசின் பணம் மறைவாக வரக் கதவு திறந்தவர் என்றாயிற்று. பசித்த குடும்பங்களுக்காகவே அதைச் செய்தார் என்பதையும் சொல்லவேண்டும். தம் சட்டைப்பைக்காக அன்று. ஆனால் அரசிடம் கைநீட்டியவன் அவ்வரசின் சிறைகளைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவர்? வினோதம் இத்துடன் முடியவில்லை. மக்பிரைட் செயலாளர் நாயகமாக இருந்த இன்னொரு நிறுவனமான சர்வதேச நீதியாளர் ஆணைக்குழுவுக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் மறைவழியில் வந்தமையும் அதே 1967 இல்தான் வெளியாயிற்று.

அம்மார்ச் மாதத்தில், ஷேக்ஸ்பியரின் "ஹம்லட்" நாடகம் நிகழும் ஊராகிய டென்மார்க்கின் எல்சினோரில் நிர்வாகக் குழு கூடியது. பெனன்சனின் விலகல் ஏற்கப்பட்டது. அவர் வகித்த தலைவர் பதவியே ஒழிக்கப்பட்டது. ஒருவரை நீக்கிவிட்டு அதே நாற்காலியில் இன்னொருவரை அமர்த்துவது சுலபம். அவர்கள் நாற்காலியையே அகற்றினர். அன்றாடப் பணிகளைக் கவனிக்க எரிக் பேக்கர் ஓராண்டுக்குப் பொறுப்பேற்றார். 1968 இல் மார்ட்டின் என்னல்ஸ் செயலாளர் நாயகமாக நியமனம் பெற்றார். அவர் வந்தபோது ஊழியர் ஏழு பேர், ஆண்டுச் செலவு 17,000 பவுண். 1980 இல் அவர் விலகியபோது ஊழியர் 150 பேர், செலவு 20 இலட்சம் பவுண். இடையில் 1977 ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

பெற்றோருக்கு இங்கே ஒரு சிறு விளக்கம். இத்தகைய சபைகளில் இரு அடுக்குகள் உண்டு. உறுப்பினர் தெரிவுசெய்யும் நிர்வாகக் குழுவினர் ஊதியம் பெறாத் தொண்டர். கொள்கையை வகுப்பதும் கணக்கைக் கேட்பதும் அவர்கள் பொறுப்பு. செயலாளர் நாயகமும் அவரது அலுவலகமும் ஊதியத்துக்குப் பணிபுரிவோர். குழு நியமிக்கும், குழுவே நீக்கும். இவ்விரு அடுக்குகளும் ஒருவருள் ஒன்றாகிவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. பணத்தைப் பொறுத்தவரை, ஆய்வுக்கும் பரப்புரைக்கும் எந்த அரசிடமும் பணம் பெறுவதில்லை என்பது சபையின் உறுதியான விதியாயிற்று. மனித உரிமைக் கல்விக்கு மாத்திரம் விலக்குண்டு. எஞ்சியது உறுப்பினரின் சந்தாவும் பொதுமக்களின் கொடையுமே.

எங்கள் நாட்டுக்கு இச்சபை 1975 இலும் 1982 இலும் தூதுக்குழுக்களை அனுப்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைபட்டோர் நிலையை 1982 இல் வந்தோர் ஆராய்ந்தனர். 1996 இல் யாழ்ப்பாணத்தில் காணாமற் போனோர் பற்றியும் சபை அடுத்த ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. கொழும்பு அரசு அவ்வறிக்கைகளை விரும்பவில்லை. சபை தம்மைச் சுட்டியபோது விடுதலைப் புலிகளும் விரும்பவில்லை. இரு பக்கமும் கோபித்த இடத்தில்தான் மாமியின் கடிதம் போய்ச் சேர்ந்தது.

எல்சினோரோடு யாவும் சீராயிற்று என்று எழுதினால் அது பாடநூல் எழுதுவது போலாகும். 2001 இல் வங்காளதேசத்தவரான ஐரின் கான் முதற் பெண் செயலாளர் நாயகமாகப் பதவியேற்றார். அவ்வாண்டில் செனகலின் டக்கார் நகரில் கூடிய பேரவை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளையும் பணியில் சேர்த்தது. 2009 இன் இறுதியில் அவர் விலகியபோது வழங்கப்பட்ட தொகை 5 இலட்சம் பவுணுக்கு மேல் என்பது 2011 இல் தெரியவந்தது. மாதந்தோறும் சிறு தொகை செலுத்தும் உறுப்பினர் கொதித்தனர்; அதன்பின் மீளாய்வு நடந்தது. 2018 இன் நடுப்பகுதியில் நேர்ந்தது இன்னும் கொடியது. நெடுங்காலம் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவரும், சில வாரங்களின் பின் பயிற்சிக்கு வந்திருந்த இளையவர் ஒருவரும் தம் உயிரைத் தாமே நீத்தனர். சுயாதீன ஆய்வொன்று 2019 இன் தொடக்கத்தில் வெளியாகியது. அலுவலகச் சூழல் நச்சுத்தன்மை வாய்ந்தது என்று அது எழுதியது. ஊழியருள் 39 சதவீதத்தினர் இப்பணியால் உடல்நலமோ மனநலமோ கெட்டதாகக் கூறியிருந்தனர். உலகத்தின் கைதிகளுக்காக இரவுபகல் உழைத்தோர் தம் பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை. அவ்வறிக்கையைச் சபை மறைக்காமல் வெளியிட்டது. மேல்நிலை நிர்வாகிகள் எழுவரில் ஐவர் விலகினர். சில மாதங்களுக்கு முன்னரே பதவிக்கு வந்திருந்த கூமி நாயுடு 2019 டிசம்பரில் உடல்நலக் காரணத்தால் விலகினார். 2021 இல் பிரான்சைச் சேர்ந்த ஆன்யெஸ் கலமார் செயலாளர் நாயகமானார்.

இதற்கிடையே ஆட்சிமுறையும் மாறியது. முன்னர் ஈராண்டுக்கொருமுறை கூடும் பேரவையில் பெரிய நாட்டுக் கிளைகளுக்கு அதிக பிரதிநிதிகள் இருந்தனர். 2018 முதல் ஆண்டுதோறும் உலகப் பேரவை கூடுகிறது. கிளைக்கு ஒரு நிலையான பிரதிநிதி என்ற முறை வந்தது.

எம்மவர் சங்கங்களை எண்ணிப் பார்க்காமல் இதையெல்லாம் என்னால் படிக்க இயலவில்லை. இங்கு தலைவர் விலகினால் சங்கம் இரண்டாகும். புதிய சங்கத்தின் பெயருக்கு முன் "ஐக்கிய" என்ற சொல் சேரும். கணக்குக் கொப்பி மட்டும் பழைய பொருளாளர் வீட்டு அலுமாரியில் இருக்கும். எமது பாடசாலையின் பொதுக்கூட்டத்துக்கும் சென்ற ஆண்டு வந்த பெற்றோரைவிட, அதன்பின் வழங்கிய இராப்போசனத்துக்கு வந்தோரே அதிகம். இதை இம்மலரில் எழுதுவதற்காக நிர்வாகத்தினர் என்னைப் பொறுத்தருள்க.

பெனன்சன் விலகிய பின்னும் சபையைப் பகைத்து எதிர்ச்சபை அமைக்கவில்லை. நீண்ட காலம் ஒதுங்கியிருந்து, 1980களில் மீண்டும் அதனுடன் நெருங்கினார். 2005 பெப்ரவரியில் காலமானார்.

மாமியின் மகன் திரும்பவில்லை. கடிதம் கிடைத்தது என்று இலண்டனிலிருந்து வந்த ஒருதாள் மறுமொழியை அவர் சாமிப்படத்தின் பின்னால் செருகி வைத்திருந்ததை, ஊரைவிட்டு நான் புறப்பட்ட நாளிலும் கண்டேன்.

இக்கதையை அடுத்த கிழமை வகுப்பில் சொன்னபோது, அதே மாணவி, "அப்போ அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்னது சரியா, சேர்?" என்றாள். 1967 க்கு முன்னர் சொல்லியிருந்தால் பிழை, 1996 இல் சரி என்றேன். "இப்போது?" என்றாள். சபையின் கணக்கறிக்கை ஆண்டுதோறும் வெளியாகிறது. அதை அச்செடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். தமிழில் இல்லை, ஆகையால் முதற் பக்கத்தை அவள் மொழிபெயர்க்கவேண்டும் என்பது வீட்டுவேலை.