பொருளிரசாயனம்: மாணவர்க்கு ஒரு தொழிற்றுறை

தமிழிலே 'பொருள்' என்னும் சொல் கட்புலனாகும் பண்டத்தையும், செல்வத்தையும், சொல்லின் கருத்தையும் ஒருங்கே குறிக்கும். பண்டத்தின் உள்ளியல்பை அறிந்து அதனைச் செல்வமாக்கும் வழியைக் காட்டுங் கல்வியே பொருளிரசாயனம். ஒரு பொருளின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அவ்வடுக்கினால் அதற்கு எக்குணங்கள் அமைகின்றன, வேண்டிய குணத்தைப் பெற அவ்வடுக்கை எங்ஙனம் மாற்றலாம் என்பன இத்துறையின் வினாக்கள்.

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயிலும் மாணவரிற் பலர் அதனை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ ஏறிச்செல்லும் படியாகவே கருதுகின்றனர். அவ்விடம் கிட்டாதபோது, கற்ற இரசாயனமும் வீணாயிற்றென மனஞ் சோர்கின்றனர். அவ்வெண்ணம் வேரூன்றியதில் பெற்றோருக்கும், ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு. ஆதலின் வேறு வழியும் உளதென்பதைக் காலத்தோடு எடுத்துரைத்தல் எமது கடனாகும்.

காரீயத்தையும் வைரத்தையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டும் காபன் என்னும் ஒரே மூலகத்தால் ஆயவை. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது. ஆதலால் அது மிகக் கடியது, மின்னைக் கடத்தாது. காரீயத்திலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களுடன் மாத்திரம் பிணைந்து, தட்டையான படைகளாக அமைந்துள்ளது. படைகளுக்கிடையேயுள்ள கவர்ச்சி மெலிதாதலின் அவை வழுக்கிக் கடதாசியிற் கோடாகப் படிகின்றன. பிணைப்பில் எஞ்சிய இலத்திரன்கள் படைவழியே இயங்குதலால் மின்னும் கடத்தப்படுகின்றது. பென்சில் செய்வோர் காரீயத்துடன் களிமண்ணைக் கூடுதலாகக் கலந்தால் வன்மையான பென்சிலும், குறைத்துக் கலந்தால் மென்மையான பென்சிலும் கிடைக்கின்றன. இதுவும் பொருளிரசாயனமே.

இக்காரீயம் எமது நாட்டின் செல்வம். போகல, கஹட்டகஹ ஆகிய இடங்களிற் பாறைப் பிளவுகளிலே நாளங்களாகப் படிந்துள்ள காரீயம் தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளின் பொருட்டு அது பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இன்று கைத்தொலைபேசியையும் மின்சார மோட்டார் வாகனத்தையும் இயக்கும் இலிதியம் அயன் மின்கலங்களிற் பெரும்பாலானவற்றில் ஒரு மின்வாய் காரீயமே. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் அதன் படைகளினிடையே புகுந்து, ஆறு காபன் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவுவரை தங்குகின்றன. மின்னைப் பயன்படுத்துகையில் மீண்டும் வெளியேறுகின்றன. இவ்வகை மின்கலத்தை உருவாக்கியமைக்காகக் குடெனஃப், விற்றிங்காம், யொஷினோ என்னும் மூவருக்கு 2019 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. யாமோ காரீயத்தை விற்று மின்கலத்தை வாங்குகின்றோம். புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைற்று மணலும் பிற நாடுகளுக்குச் செல்கின்றது. அதிலிருந்து பெறப்படும் தைத்தானியவீரொட்சைட்டே வர்ணப்பூச்சுக்களுக்கு வெண்மை தருவது.

இத்துறையில் உழைப்போர் நாடோறும் செய்வது யாதெனின், ஓர் உதாரணம் கூறுவாம். சிலிக்கன் காரீயத்தினும் பன்மடங்கு இலிதியத்தை ஏற்கவல்லது. ஆயினும் முற்றாக ஏற்குங்கால் அதன் கனவளவு மும்மடங்குக்கும் மேலாகப் பருத்து, மின்வாய் வெடித்துச் சிதைகின்றது. இக்குறையை நீக்க ஆய்வாளர் சிலிக்கனை மிக நுண்ணிய துகளாக்குகின்றனர், காபனால் மூடுகின்றனர், காரீயத்துடன் கலக்கின்றனர். பின்னர் எக்சுக் கதிரால் அதன் அமைப்பை ஆராய்ந்து, மின்கலத்தை நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கி அளவீடுகளைக் குறிக்கின்றனர். நீவிரும் செப்புச் சல்பேற்றுக் கரைசலை மெல்ல ஆறவிட்டாற் பெரும் பளிங்குகளும், விரைந்து குளிர்வித்தாற் சிறு பளிங்குகளும் தோன்றுவதை ஆய்கூடத்திற் கண்டிருப்பீர். 'ஏன் இவ்வாறு?' என்று அப்போது வினாவிய மாணவன் இத்துறைக்கு ஏற்றவன்.

இதற்கு உயர்தரத்தில் இரசாயனவியலுடன் பௌதிகவியலும் நன்கு கற்றல் வேண்டும். கணித அறிவும் உடனுதவும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு இரசாயனவியல் பயிலலாம். மொறட்டுவையிற் பொருள்களை ஆராயும் பொறியியற் பிரிவு உளது. பல்கலைக்கழக அனுமதி பெறாதோர் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பயிற்சிநெறியையும் நாடலாம். பின்னர் இறப்பர், மட்பாண்டம், வர்ணப்பூச்சு, சீமெந்து ஆகிய கைத்தொழில்களிலே தரங்காணும் பணிகள் உள. ஆராய்ச்சியை விரும்புவோர்க்கு 2008 இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்கள் உள.

ஒன்றை மறையாது கூறல் வேண்டும். ஆராய்ச்சிப் பதவிக்குப் பட்டமேற்படிப்பு பெரும்பாலும் இன்றியமையாதது. அதன்பொருட்டுப் பலர் கடல்கடந்து செல்ல நேர்கின்றது. பலன் தாமதித்தே வரும். மருத்துவருக்குள்ள மதிப்பு ஊரிலே உடனே கிட்டாது. இவற்றை அறிந்தும் விரும்புவோரே இதனுட் புகுக. பெற்றோரும், பிள்ளை இத்துறையைத் தெரிந்தால், தோற்றவன் எடுத்த வழியென அதனை எண்ணாதிருப்பாராக. மண்ணிலிருந்து அகழ்ந்த காரீயம் மண்விலைக்குப் போவதும் மின்கலமாக மாறுவதும், அதன் அடுக்கை அறிந்தவர் எம்மிடையே எத்துணைப் பேர் என்பதைப் பொறுத்தனவாம்.