பெயரிழந்த மங்கை

வெளிநாட்டில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், இந்திய ஓவியங்களை ஏலத்தில் விற்பதற்கென அச்சிடப்பட்ட பட்டியல் ஒன்றை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். இலக்கணம் கற்பித்துக் காலங் கழிக்கும் எனக்கும் ஏலத்துக்கும் யாது தொடர்பு? ஆயினும், அதிலிருந்த ஒரு படம் என்னைப் பற்றி நிறுத்திவிட்டது. பக்கம் நோக்கி நிற்கும் ஒரு மங்கை, வில்லென வளைந்த புருவம், காதளவோடிய கண், கூரிய நாசி, கையிலே தாமரை மொட்டு. படத்தின் கீழே, "ஒரு பெண், கிஷன்கட், பதினெட்டாம் நூற்றாண்டு, காகிதத்தில் வண்ணமும் பொன்னும்" என்ற குறிப்பும், எதிர்பார்க்கும் விலையும் இருந்தன. ஊர் உண்டு, காலம் உண்டு, விலை உண்டு. அவளுக்குப் பெயர் மாத்திரம் இல்லை.

இஃது அவ்வேலக்காரர் செய்த பிழையன்று. அரண்மனை மகளிரை நேரிற் கண்டு வரையும் வாய்ப்பு அக்கால ஓவியர்க்குப் பெரும்பாலும் கிடைத்ததில்லை. அணிற்பிள்ளையின் மயிராலான தூரிகை கொண்டு அவர்கள் தீட்டியது, பெண் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்ற இலக்கணத்தையே. ஒருத்தியின் முகத்தை அன்று.

ஆயினும் கிஷன்கட் முகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இராசபுத்தானத்துச் சிற்றரசாகிய அவ்வூரை 1748 ஆம் ஆண்டு முதல் ஆண்டவர் சாவந்த் சிங். நாகரீதாசர் என்ற பெயரில் விரசமொழியிற் கண்ணன்மீது பாடிய கவிஞரும் அவரே. அரண்மனையில் இசை பாடிய ஒரு பெண்ணிடம் அவர் உள்ளம் பறிகொடுத்தார். அவளது சாயலையே அரசவை ஓவியர் நிகால் சந்த் இராதையின் முகமாக அமைத்தார் என்பது வழிவழி வந்த கொள்கை. தம்பியிடம் அரசை இழந்த சாவந்த் சிங், அவளோடு பிருந்தாவனத்தில் வாழ்ந்து 1764 இல் மறைந்தார்.

அப்பெண்ணை உலகம் 'பனீ தனீ' என்கிறது. அதுவும் பெயரன்று, 'ஒப்பனை செய்தவள்' என்பதே அதன் பொருள். லாகூர் அரசினர் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் எரிக் டிக்கின்சன் 1943 இல் கிஷன்கட் ஓவியங்களைக் கண்டு வியந்தார். அதன் பின்னரே அவை வெளியுலகிற் புகழ் பெற்றன. 1973 இல் இந்திய அரசு அம்முகத்தைத் தபால் முத்திரையிலும் பொறித்தது; அங்கும் அவள் இராதையே.

அவளும் ஒரு கவிஞர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? இரசிக் பிகாரி என்ற முத்திரைப் பெயரோடு அவள் கண்ணன் பாடல்கள் புனைந்தாள். முகம் முத்திரையேறியது, பாட்டு மூலையில் ஒதுங்கியது.

"நம் அகப்பாட்டுத் தலைவிக்கும் பெயர் இல்லையே" என வாசகர் வினவலாம். மெய்தான். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டலாகாது என்றே தொல்காப்பியர் விதித்தார். ஆனால், அப்பெயரற்ற தலைவி வாய் திறந்து பேசுகின்றாள். அவளைப் பேசவைத்த ஔவையாரும் வெள்ளிவீதியாரும் தத்தம் பெயரோடு நிலைபெற்றுள்ளனர். கிஷன்கட்டிலோ, பாடிய வாயே ஓவியத்தின் மூடிய வாயாகிவிட்டது. பெயர் மறைவது மரபாகலாம். குரல் மறைவது இழப்பேயாம்.

பட்டியலிலுள்ள மங்கை அவள்தானா என்பதைத் துணிய வழியில்லை. அம்முக அமைப்பு கிஷன்கட் ஓவியர்க்குப் பொது வாய்பாடாகிவிட்டது. ஓவியத்தை வாங்குவோர் அதனைப் பொன்போற் காக்கட்டும். மாணாக்கருக்கு யான் எழுதிய மறுமொழி இதுவே: "தம்பி, அப்படம் என்ன விலைக்குப் போயிற்று என்று எனக்கு அறிவிக்க வேண்டா. இரசிக் பிகாரியின் பாடல்கள் அச்சில் எங்கேனும் அகப்படின், ஒரு படி எடுத்து அனுப்புக. அம்மொழி அறிந்தவரைத் தேடிப் பொருள் கேட்டுக்கொள்வேன்."