வாங்குவது யார்?

பெருந்துறையில் வீட்டில் இருந்தபடியே சேலை, நைட்டி, உள்பாவாடை விற்கிறேன். என்னிடம் வாங்குபவர்கள் எங்கள் தெருப் பெண்கள், பையன் படிக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை விட வரும் அம்மாக்கள், அவர்களுடைய நாத்தனார்கள். எல்லோரும் உடுத்திக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள். வீட்டிலிருந்து சம்பாதிக்க வழி கேட்டு வரும் பெண்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்: “நீங்க விக்கிறதை வாங்கப்போறது யாருங்க?”

சரக்கு எடுப்பது ஈரோடு ஜவுளிச் சந்தையில். திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தை அது. வெளிமாநில வியாபாரிகள் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போகும் இடத்தில், சில ஆயிரங்களோடு வரும் எங்களைப் போன்றவர்களுக்கும் சரக்கு கிடைக்கும். பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் ஏறினால், அவன் திரும்புவதற்குள் நானும் வந்துவிடலாம்.

கணக்கைச் சொல்கிறேன். 300 ரூபாய்க்கு எடுத்த சேலையை 400-க்குக் கொடுத்தால் 100 ரூபாய் லாபம் என்று தோன்றும். 20 சேலை எடுத்தால் முதல் 6,000 ரூபாய். அதில் 15 விற்றால்தான் அந்த முதல் கைக்கு வரும். மீதி ஐந்துதான் லாபம். அவை விற்கும்வரை லாபம் பீரோவில் துணியாகத்தான் கிடக்கும். நிறம் பிடிக்காமல் தங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்துதான். பஸ் செலவு வேறு.

அடுத்தது தவணை. “அக்கா, சம்பளம் வந்ததும் தாரேனுங்க” என்பவரிடம் முடியாது என்றால் வியாபாரமே நடக்காது. அதனால் பாதிக் காசு கையில், மீதி அடுத்த மாதம். பழைய பாக்கி தீராமல் புதுச் சேலை கிடையாது, சொந்தக்காரராக இருந்தாலும். கொடுத்தது, வந்தது எல்லாம் அவர்கள் கண்ணெதிரே நோட்டில் ஏறும்.

தீபாவளிக்கு முன்னால் சரக்கு நிற்காது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு யாரும் சேலை பார்க்க வரமாட்டார்கள். நல்ல மாதத்தில் மளிகைச் செலவு தேறும், மந்தமான மாதத்தில் பையனின் டியூஷன் காசு.

மூன்று பேரைச் சேர்த்தால்

தெரிந்த அக்கா ஒருவர் ஒரு கம்பெனித் திட்டத்தோடு வந்தார். “நீ ஒண்ணும் விக்க வேண்டாம் கண்ணு. மூணு பேரைச் சேத்துவிட்டாப் போதும். அவங்க ஆளுக்கு மூணு பேரைச் சேப்பாங்க. உக்காந்த இடத்துக்குப் பணம் வரும்.”

பையனின் கணக்கு நோட்டை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 3, 9, 27 என்று போனால் பதினேழாவது படியில் 12 கோடியைத் தாண்டுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்தவர்களே 7.2 கோடிப் பேர்தான். அதற்கு மேல் யார் யாரைச் சேர்ப்பது? நோட்டைக் காட்டினேன். அக்கா காபியைக் குடித்துவிட்டு ஒரு நைட்டி வாங்கிப் போனார்.

இப்படிப் பணத்தைச் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும், ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் பிரமிடு திட்டங்களுக்கு இடமில்லை என்கின்றன. அதற்காக நேரடி விற்பனை நிறுவனம் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். பொருளை விற்றதற்குக் கமிஷன் தருவது முறையான தொழில். அப்படி ஒன்றில் சேர்வதானால் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிக் கேட்காமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் விதி. ஏமாந்த நுகர்வோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தொடங்க நினைப்பவர்கள் நகையை அடகு வைத்து முதல் போட வேண்டாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையில் ஆரம்பியுங்கள். சரக்கு எடுக்கும் முன், அதை வாங்கக்கூடிய பத்துப் பேரின் பெயரை எழுதிப் பாருங்கள். உங்கள் மேலுள்ள பாசத்துக்காக மட்டும் வாங்குபவர்களை அடித்துவிடுங்கள். அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். மிச்சமிருக்கும் பெயர்களுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு சரக்கு மட்டும் எடுங்கள்.