இளநீர் ஸ்லஷ் மெஷினுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

சர்பத்தையோ பழச்சாற்றையோ ஊற்றினால் அதைப் பனிக்கூழாக்கித் தரும் ஸ்லஷ் மெஷினைத் திரையரங்கிலும் மாலிலும் பார்த்திருப்போம். உள்ளே படுக்கைவாட்டில் ஒரு குளிர் உருளை, அடியில் கம்ப்ரஸர். உருளையின் மேல் படியும் பனியை ஒரு திருகு ஓயாமல் சுரண்டிக்கொண்டிருக்கும். இது தடையில்லாமல் ஓட வேண்டுமானால் பானத்தில் பொதுவாக 12, 13 சதவீதமாவது சர்க்கரை இருக்க வேண்டும். குறைந்தால் பனி உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். திருகு மாட்டும், மோட்டார் சூடேறும். இளநீரில் இயல்பாக உள்ள சர்க்கரையோ ஏறக்குறைய 5 சதவீதம்தான். சர்க்கரை சேர்க்காமல் இளநீர் ஸ்லஷ் போட நினைப்பவர் இங்கேதான் திணறுவார்.

கோவையில் ஒரு பட்டறைக்காரர் இதற்கு வழி கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருகை ஓட்டும் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை ஒரு கன்ட்ரோல் போர்டு கவனிக்கிறது. பனி இறுகத் தொடங்கியதும் திருகு சற்றுப் பின்னோக்கிச் சுற்றுகிறது. அதே நேரத்தில் கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான கேஸ் சில நொடிகள் உருளைக்குள் திருப்பிவிடப்படுகிறது. ஒட்டிய பனி கழன்று வர, மெஷின் மறுபடி ஓடுகிறது. இதற்குக் காப்புரிமை கிடைக்குமா?

பதில் பெரும்பாலும் அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. மெஷின் ஓடிய உற்சாகத்தில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருந்தால், தொழிற்கண்காட்சியில் கடை போட்டு விளக்கியிருந்தால், நான்கு மெஷின்களை விற்றிருந்தால், விஷயம் வெளியே போய்விட்டது. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கே வெளியாகியிருந்தாலும் அது புதியது அல்ல என்பதே சட்டம். வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் இதே கதிதான். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டி, 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் விலக்கு உண்டு. ஆனால் ஊரில் நடக்கும் எல்லாக் கண்காட்சிக்கும் அந்த அறிவிக்கை இருக்காது. நம் பட்டறைகளின் உழைப்பு அதிகம் வீணாவது இந்த ஒரு இடத்தில்தான் என்பது என் கருத்து. முதலில் விண்ணப்பம், பிறகுதான் விளம்பரம். உருளை செய்து தருபவரிடமும் கன்ட்ரோல் போர்டு போட்டுத் தருபவரிடமும் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். வேலை முழுதாக முடியவில்லை என்றால் தற்காலிக விவரணத்தைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துவைக்கலாம். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களின் விண்ணப்பங்களுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

பணம் கட்டி எண் வாங்கியதும் காப்புரிமை கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைத்தது ரசீது மட்டுமே. விண்ணப்பம் 18 மாதத்தில் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். அதைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லித் தனியாக மனு கொடுத்துத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம். அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. கெடு தவறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஸ்டார்ட்அப்களும் சிறு நிறுவனங்களும் பெண் விண்ணப்பதாரர்களும் கூடுதல் கட்டணம் கட்டி விரைவுத் தேர்வு கேட்கலாம். ஸ்லஷ் மெஷின் போல ஒரு கோடை முடிவதற்குள் நகலெடுக்கக்கூடிய சரக்குக்கு அந்தச் செலவு நியாயமானது.

தேர்வாளர் கோப்பைத் திறந்ததும் முதலில் பழைய சரித்திரத்தைத் தேடுவார். பனியைச் சுரண்டிக் கிளறும் கருவிகளின் சரித்திரம் நீளமானது. கையால் சுற்றும் ஐஸ்கிரீம் கருவிக்கு நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். 1950களின் பிற்பகுதியில் கான்சஸ் மாநிலத்தில் கடை வைத்திருந்த ஓமர் நெட்லிக், கார் ஏசியின் பாகங்களைக் கொண்டு பனிச் சோடா மெஷினை உருவாக்கினார். 1971-இல் டாலஸ் நகரத்து உணவகக்காரர் மரியானோ மார்ட்டினெஸ், ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றை மாற்றியமைத்து உறைந்த மார்கரிட்டா மெஷின் செய்தார். அவர் காப்புரிமை பெறவில்லை. மற்றவர்களின் மெஷின்கள் சந்தையை நிறைத்தன. அவருடைய முதல் மெஷின் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, குளிர் உருளை பழையது, திருகு பழையது. மோட்டார் சுமையை வைத்துக் கூழின் கெட்டித்தன்மையை அளப்பதும் தெரிந்த விஷயம். சூடான கேஸால் பனியை இளக்குவதைக் குளிர்பதன மெக்கானிக் யாரும் அறிவார். தேர்வாளர் கேட்கப்போவது இதைத்தான்: தெரிந்த இந்தத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்ததில், துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாதது என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய தீர்ப்பு உண்டு. மிர்சாபூரில் பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது அவற்றைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெகுகாலமாகத் தெரிந்த முறையைச் சற்று மாற்றிப் பயன்படுத்தியது பட்டறை அளவிலான மேம்பாடு மட்டுமே, கண்டுபிடிப்பு ஆகாது என்று 1978-இல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. தேர்வு அறிக்கைகளிலும் தீர்ப்புகளிலும் இன்றும் இது எடுத்தாளப்படுகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் இதே திசையில் போகிறது. மெஷினின் தலையில் கப் வைக்கும் பெட்டி, பக்கத்தில் வண்ண விளக்கு, முன்னால் கியூஆர் பணப்பெட்டி என்று அடுக்கினால், ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்கிறது. அதற்குக் காப்புரிமை கிடையாது. நம் கோவைக்காரரின் மெஷினிலோ கரண்ட் அளவு திருகுக்கும் கேஸ் வால்வுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை தருகிறது. ஒன்றின் வேலை மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது. இதே ஏற்பாடு வேறு ஆவணத்தில் இல்லாத பட்சத்தில் அவருக்கு வாதாட இடம் இருக்கிறது.

அந்த வாதத்துக்கு இரண்டு வேண்டும். முதலாவது, விண்ணப்பத்தில் விவரம். எத்தனை ஆம்பியரில் திருகு திரும்புகிறது, எத்தனை நொடி கேஸ் போகிறது, உருளையின் வெப்பநிலை என்ன, இதற்கு மாற்று ஏற்பாடுகள் எவை என்பதெல்லாம் படத்தோடு முதலிலேயே இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு கோரிக்கைகளை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வரையறைகளை, குறுக்கலாம். புதிய விஷயத்தை நுழைக்க 59-ஆம் பிரிவு விடாது. வெறும் இரண்டு பக்கத்தில் பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்த விண்ணப்பம், பின்னால் குறுக்கிக்கொள்ளக்கூட இடமில்லாமல் சாகும். இரண்டாவது, சோதனைக் குறிப்பு. பழைய மெஷினில் இளநீர் எத்தனை நிமிடத்தில் மாட்டியது, புதியதில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தால், வாய்ப்பேச்சை விட அது வலுவாகப் பேசும்.

தேர்வாளரின் முதல் அறிக்கை வந்ததும் நிராகரித்துவிட்டார்கள் என்று ஓய்ந்துபோகிறவர்கள் உண்டு. அது தவறு. ஆட்சேபணை இல்லாத அறிக்கை அபூர்வம். புதுமை இல்லை, கண்டுபிடிப்புத் திறன் இல்லை, கோரிக்கை தெளிவாக இல்லை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பழைய ஆவணத்தின் எண்ணும் இருக்கும். அந்த ஆவணங்களை எடுத்துப் படியுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனட், இந்திய அலுவலகத்தின் தேடுதளம் எல்லாம் இலவசம். உங்கள் மெஷினில் எந்த அம்சம் அவற்றில் இல்லை, அதனால் என்ன பலன் விளைகிறது என்று பதில் எழுத வேண்டும். அறிக்கை வந்த நாளிலிருந்து 6 மாதம் அவகாசம். கட்டணம் கட்டி 3 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். பதிலே போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பதில் போதவில்லை என்றால் நேர்முக விசாரணை கேட்கும் உரிமை உண்டு, அதுவும் வீடியோ வழியாக. அதற்கும் மேல் நிராகரித்தால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்த மேல்முறையீடுகளை முன்பு விசாரித்த தனித் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால் இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. விண்ணப்பத்தைக் கவனிக்க அமர்த்திய காப்புரிமை முகவரின் அலட்சியத்தால் கெடு தவறிய சில வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் விண்ணப்பத்துக்கு மறுவாழ்வு தந்திருக்கின்றன. ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. விண்ணப்ப எண்ணைப் போட்டு அலுவலக இணையதளத்தில் நிலையை நீங்களே மாதம் ஒருமுறை பாருங்கள்.

முகவர் பதிவு பெற்றவரா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். “மூன்று மாதத்தில் பேட்டன்ட் உறுதி” என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். வடிவமைப்புப் பதிவை வாங்கிக் கொடுத்து அதையே பேட்டன்ட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வடிவமைப்புப் பதிவு மெஷினின் வெளித்தோற்றத்துக்கு மட்டுமே காவல். உள்ளே திருகு சுற்றும் விதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே மெஷினில் “காப்புரிமை பெற்றது” என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும் சட்டவிரோதம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

பேசப்படாத இன்னொரு விஷயமும் உண்டு. திருகைப் பின்னோக்கிச் சுற்றவிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது பட்டறையில் வேலை பார்க்கும் பையனாக இருந்தால், கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவன் பெயர் வர வேண்டும். உரிமை முதலாளிக்குப் போவதற்கு எழுத்துபூர்வமான ஒப்படைப்பு வேண்டும். இதை மறைத்து வாங்கும் காப்புரிமையை, முறைகேடாகப் பெறப்பட்டது என்று பின்னாளில் எதிர்க்க முடியும்.

காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு உரிமை. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. நகலெடுப்பவர்மீது மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குத் தொடுக்கக் காப்புரிமை கையில் வந்திருக்க வேண்டும். நஷ்டஈட்டை மட்டும் விண்ணப்பம் இதழில் வெளியான நாளிலிருந்தே கணக்கிட்டுக் கேட்கலாம். எதிராளி காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும்.

மறுபக்கத்தில் நிற்பவருக்கும் உரிமை இருக்கிறது. மெஷின் செய்து விற்கும் உங்களுக்கு ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தால், அந்தக் காப்புரிமை இந்தியாவில் வழங்கப்பட்டதா, கட்டணம் கட்டி உயிரோடு இருக்கிறதா, அதன் கோரிக்கையில் உள்ள ஒவ்வொரு அம்சமும் உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் மட்டும் உள்ள காப்புரிமை இந்தியாவில் உங்களைத் தடுக்காது. வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கிய விவரம் இதழில் வெளியான ஓராண்டுக்குள் பாதிக்கப்படுபவர் எதிர்க்கலாம். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர்மீது 106-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போகவும் வழியிருக்கிறது.

ஸ்டார்ட்அப்களுக்கு முகவர் கட்டணத்தை மத்திய அரசே ஏற்கும் திட்டம் நடப்பில் இருக்கிறது. உங்கள் பட்டறையில் ஓடும் மெஷினை யாரும் வீடியோ எடுக்கும் முன் அந்தத் திட்டத்துக்கு நீங்கள் தகுதி பெறுவீர்களா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் 1,600 ரூபாய் கட்டியாவது இந்த வாரமே தேதியைப் பதிவு செய்துவிடுங்கள்.