தரிசில் விளைந்த சோளம்

1983-ஆம் வருஷம் ஆந்திரப் பிரதேசத்தில் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியபோது ஏழைகள் அதை மனமார வரவேற்றார்கள். அதைத் தவறென்று சொல்ல நான் துணியமாட்டேன், பசித்த வயிற்றுக்கு எந்த ஊர் அரிசியும் அமிர்தமே. ஆனால், அந்த அரிசி வந்துகொண்டிருக்கையிலேயே, அக்காலத்தில் மேடக் ஜில்லாவில் சேர்ந்திருந்த ஜஹீராபாத் பகுதியின் மானாவாரி மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சோளமும் தினையும் சாமையும் துவரையும் விளைவித்த ஜனங்களில் பலர், உழவுக்கும் எருவுக்கும் கைமுதல் இல்லாமல் சொந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போனார்கள் என்பது, க்ஷாமத்துக்கு வானத்தை மாத்திரமே குற்றம் சொல்லும் நம்மவர் நிதானித்து யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே வருஷத்தில் பி. வி. சதீஷும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் ஆதரவில், அப்பகுதியின் சுமார் எழுபத்தைந்து கிராமங்களில் சங்கம் கூடிய தலித் ஸ்திரீகள், 1990-களின் மத்தியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தரிசு வைத்திருப்பவருக்கு உழவுக்கும் எருவுக்கும் கடன். அந்தக் கடனைப் பணமாக அல்ல, சில வருஷங்களில் சோளமாகத் திருப்ப வேண்டும். சேர்ந்த சோளம் ஊரிலேயே இருந்து, வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் மழைமாதங்களில் மிகவும் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் அளக்கப்படும். யார் ஏழை என்பதை எந்தக் குமாஸ்தாவும் நிர்ணயிக்கவில்லை. ஊரார் தெருவில் கூடித் தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாகப் பேசித் தீர்மானித்தார்கள். அடுத்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது அடுத்த வீட்டாருக்கல்லவா தெரியும்?

ஒரே வயலில் பதினைந்து இருபது வகைகளைக் கலந்து விதைப்பது அவர்கள் வழக்கம். ஒரு மழை தவறினால் ஒரு பயிர் போகும், ஆழ வேரோடும் துவரை நின்றுவிடும், அதன் வேரே மண்ணுக்கு உரமும் சேர்க்கும். களையெடுக்கும் பெண்கள், யாரும் விதைக்காமல் பயிரின் ஊடே தானே முளைத்த கீரைகளை மடியில் பறித்துக்கொண்டு போவார்கள். அன்றைய குழம்பு அது. களைக்கொல்லி தெளித்த வயலில் இந்தப் பாக்கியம் ஏது!

இந்த ஸ்திரீகளுக்கு 2019-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. ஆனால் என் மனம் நிலைப்பது அவர்களுடைய விதைக் கூடைகளில். விதையோடு சாம்பலும் வேப்பிலையும் கலந்து, மண்ணும் சாணமும் குழைத்து வாய்பூசிய அந்த மூங்கில் கூடையின் பூச்சை விதைப்புக்கு முன் உடைத்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் ஊதிப் பார்த்து, கேட்டு வந்தவளுக்கு அளந்து கொடுக்கிறாள் சங்கத்துக்காரி. அங்கே விதைக்கு விலை பேசுவதில்லை, அறுவடை ஆனதும் வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி அளந்தால் போதும்.